மீன் தொட்டிக்குள்ள உயிர்ச் செடி: செத்துப்போச்சுன்னு பிடுங்கறதுக்கு முன்னாடி

நான் மொத மொதல்ல தொட்டிக்குள்ள வெச்ச செடி ஒரு கிரிப்டோகோரைன். வாங்கறப்ப கரும்பச்சையா மொடமொடன்னு இருந்துச்சு, மணல்ல ஊனி லைட்டைப் போட்டா தொட்டியே சின்னக் குளம் மாதிரி ஆயிடுச்சு, அவ்ளோ சந்தோஷம். எட்டாம் நாள் இலையெல்லாம் கண்ணாடித் தாள் மாதிரி ஆகி, தொட்டா வழுவழுன்னு கையோட வருது. இன்னும் நாலு நாள்ல ஒரு இலை கூட மிச்சமில்ல. சரி, நம்ம கைராசி இவ்ளோதான்னு வேரோட பிடுங்கி எறிஞ்சுட்டேன். பிடுங்கறப்ப வேர் வெள்ளைவெளேர்னு நல்லாத்தான் இருந்துச்சு, பாத்தும் உறைக்கல. அது சாகவே இல்ல, இலையை மட்டும் மாத்திக்கிட்டு இருந்துச்சு, நான்தான் கொன்னேன்.

புதுசா செடி வெக்கிற முக்காவாசி பேருக்கு விழுற முதல் அடி இதுதான், அதனால இங்கருந்தே ஆரம்பிக்கறேன். கடையில அக்வாரியம் செடின்னு விக்கறதுல பாதிக்கு மேல முழுநேரமும் தண்ணிக்குள்ள வாழுற செடி கிடையாது. ஆத்தோரம், ஓடைக்கரை, சதுப்புன்னு வெள்ளம் வந்தா முங்கியும், வத்துனா தலையை வெளிய நீட்டியும், ரெண்டு விதமாவும் பிழைக்கத் தெரிஞ்ச செடிங்க. பண்ணையில இதையெல்லாம் வேர் மட்டும் ஈரத்துல இருக்கற மாதிரி, இலை காத்துல இருக்கற மாதிரிதான் வளக்கறாங்க, ஏன்னா அப்படி வளத்தா சீக்கிரம் வளரும், பாசி ஒட்டாது, நத்தை வராது. காத்துல வளந்த இலைக்கு மேல மெழுகுப் பூச்சு இருக்கும், மூச்சு விட இலைத்துளை இருக்கும். தண்ணிக்குள்ள போனா இது ரெண்டும் உதவாது, அங்க தேவைப்படறது மெல்லிசான, மேல்தோல் வழியாவே எல்லாத்தையும் உறிஞ்சிக்கற இலை. அதனால செடி பழைய இலையைக் கைவிட்டுட்டு, அதுல இருக்கற சத்துல முடிஞ்ச வரைக்கும் உள்ள இழுத்துக்கிட்டு, புது இலை விடும். இதைத்தான் நம்மாளுங்க "மெல்ட் ஆகுது"ன்னு சொல்றது.

புது இலை வரப்போ இது வேற செடியோன்னு சந்தேகம் வரும், அவ்ளோ வித்தியாசமா இருக்கும். ரோட்டாலா ரொட்டுண்டிஃபோலியான்னு ஒண்ணு இருக்கு, பேருக்கு அர்த்தமே வட்ட இலைக்காரி, ஆனா தண்ணிக்குள்ள அது விடற இலை ஊசி மாதிரி நீளமா ஒல்லியா இருக்கும். பேர் வெச்சவங்க வெளிய வளந்ததைப் பாத்து வெச்சது. ஆக கரையற இலையை மட்டும் வெட்டி எடுத்துடுங்க, இல்லன்னா அது அழுகி மீனுக்கு விஷமான அமோனியாவை ஏத்தும், ஆனா வேரைத் தொடாதீங்க. மூணு நாலு வாரம் பொறுங்க. இடத்தை மாத்தி மாத்தி நடாதீங்க, குறிப்பா கிரிப்டோகோரைனுக்கு அது சுத்தமா பிடிக்காது, நல்லா செட்டில் ஆனதைப் பிடுங்கி பக்கத்துல நட்டா கூட கோவிச்சுக்கிட்டு மறுபடியும் இலையை உதுத்துடும்.

இதுல ஒரு ஏமாத்து வேலையும் நடக்கும். லக்கி பாம்பூ, சிங்கோனியம், கலேடியம், ஃபிட்டோனியா இதையெல்லாம் மீன் தொட்டிச் செடின்னு சொல்லி வித்துடுவாங்க. இதெல்லாம் வீட்டுக்குள்ள பூந்தொட்டி மண்ணுல வளக்கற செடிங்க, முழுசா முக்குனா சில வாரமோ சில மாசமோ தாக்குப்பிடிச்சுட்டு அழுகும். தண்ணியில இருந்து தூக்குனா நிமிந்து நின்னா அது தரைச்செடின்னு சிலர் வழி சொல்லுவாங்க, அது சரிப்படாது, பண்ணையில காத்துல வளந்த நிஜ நீர்ச்செடியும் நிமிந்துதான் நிக்கும். பேரைக் கேட்டுட்டு வந்து, தேடிப் பாத்துட்டு, அப்புறம் வாங்கறதுதான் ஒரே வழி. மணி பிளாண்ட் மட்டும் ஒரு விதிவிலக்கு மாதிரி, இலையெல்லாம் மேல காத்துல, வேர் மட்டும் தொட்டித் தண்ணியில இருக்கற மாதிரி விட்டா பிரமாதமா வளரும், மீன் கழிவுல வர்ற நைட்ரேட்டையும் நல்லா இழுத்துக்கும். இலையோட உள்ள முக்கிடாதீங்க, அவ்ளோதான்.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். செடி சரியா வளரலன்னா நம்ம மனசு முதல்ல போறது லைட்டுக்குத்தான். வெளிச்சம் பத்தல போல, இன்னொரு லைட் வாங்கலாம்னு. நானும் வாங்குனேன். பத்தே நாள்ல செடி அப்படியே இருக்க, இலை ஓரம், கல்லு, ஃபில்டர் குழாய் எல்லாத்துலயும் தலைமுடி மாதிரி பச்சைப் பாசி. ஏன்னு புரிஞ்சுக்கணும்னா செடி எதால ஆனதுன்னு பாக்கணும். ஒரு செடியைக் காய வெச்சு எடை போட்டா அதுல சுமார் நாப்பது சதவீதத்துக்கு மேல கார்பன்தான். தரையில இருக்கற செடிக்கு அது காத்துல இருந்து வருது, காத்துல இப்ப கார்பன் டை ஆக்ஸைடு 420 பிபிஎம் (பத்து லட்சத்துல 420 பங்கு) அளவுல இருக்கு, காத்து அசைய அசைய இலைக்குப் புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கும். தண்ணியில அந்த வாயு நகர்ற வேகம் காத்துல நகர்றதை விட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு கம்மி. இலையை ஒட்டி அசையாத ஒரு மெல்லிய தண்ணிப் படலம் போர்வை மாதிரி நிக்கும், அதுல இருக்கற கார்பனை இலை தின்னு தீத்துட்டா அடுத்தது வந்து சேர நேரம் ஆகும். அதனால தண்ணிக்குள்ள செடி பெரும்பாலும் வெளிச்சம் இல்லாம வாடறது இல்ல, கார்பன் கிடைக்காமத்தான் திணறுது.

வீடு கட்டறதை நெனைச்சுக்கோங்க. வெளிச்சம்ங்கறது கொத்தனார். கார்பன்ங்கறது செங்கல். நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், இரும்பு எல்லாம் சிமெண்ட்டு, மணல், கம்பி. செங்கல் ஒரு நாளைக்கு ஒரு வண்டிதான் வருதுன்னா பத்து கொத்தனாரை இறக்கினாலும் சுவர் அதே வேகத்துலதான் எழும்பும், மீதிப்பேர் சும்மா உக்காந்திருப்பாங்க. தொட்டியில அப்படி சும்மா கிடக்கற வெளிச்சத்துக்கு வேலை குடுக்க பாசி எப்பவும் ரெடியா நிக்குது. எது கம்மியா இருக்கோ அதுதான் வளர்ச்சியோட அளவைத் தீர்மானிக்கும்ங்கற இந்தக் கணக்கை 19-ம் நூற்றாண்டுலயே லீபிக்ங்கற ஜெர்மன் வேதியியல்காரர் வயல் பயிருக்காகப் பரப்புனாரு, தொட்டிக்கும் அதே கணக்குதான்.

அதனால ஆரம்பத்துல செய்ய வேண்டியது லைட்டைக் குறைக்கறது, கூட்டறது இல்ல. ஒரு டைமர் வாங்கி மாட்டுங்க, முதல் மாசம் தினம் ஆறு மணி நேரம் போதும், செடி புது இலை விட ஆரம்பிச்சதும் ஏழு, எட்டுன்னு ஏத்தலாம். காலையில போட்டு மறந்துபோய் ராத்திரி பதினோரு மணிக்கு அணைக்கறது, மறுநாள் சாயங்காலம்தான் போடறது, இந்த மாதிரி குளறுபடி செடிக்கும் ஆகாது மீனுக்கும் ஆகாது. ஜன்னல் வெயில் நேரா விழுற இடத்துல தொட்டியை வெக்காதீங்க, அது உங்க கட்டுப்பாட்டுல இல்லாத இன்னொரு கொத்தனார். லைட் ஏற்கனவே ரொம்ப பவர்னா உயர்த்திக் கட்டுங்க, இல்லன்னா மேல கொஞ்சம் மிதக்கும் செடி விடுங்க. லிம்னோஃபிலா மாதிரி தண்டுச்செடி வெச்சிருக்கவங்க சாயங்காலம் பாருங்க, லைட் இன்னும் எரியும், ஆனா அது நுனி இலையைக் கூப்பிக்கிட்டு தூங்கப் போயிருக்கும், இன்னிக்கு எனக்கு போதும்னு அர்த்தம். எனக்கு அது டைமரை விட நம்பகமான கடிகாரம்.

சிஓடூ, அதாவது கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் வேணுமான்னு எல்லாரும் கேக்கற கேள்வி. வேணாம், முதல் தொட்டிக்கு வேணவே வேணாம். மிதமான வெளிச்சம், மீன் விடற மூச்சு, ஃபில்டர் தண்ணியை அசைக்கறது, இதுல வர்ற கார்பனே போதும்னு வாழுற செடி நிறைய இருக்கு. வாலிஸ்னேரியா, வேலம்பாசின்னு நாம சொல்ற ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் இதெல்லாம் இன்னும் கெட்டிக்காரங்க, தண்ணியில கரைஞ்சிருக்கற பைகார்பனேட்ல இருந்தே கார்பனைப் பிரிச்சு எடுத்துக்கும், அதனாலதான் உப்பு ஜாஸ்தியான கடினத் தண்ணியில கூட அதுங்க கொழிக்குது. தரை பூரா புல் மாதிரி கம்பளம் விரிக்கணும், ரத்தச் சிவப்புல தண்டுச்செடி வேணும்னு ஆசை வந்தா அப்ப சிலிண்டரைப் பத்தி யோசிக்கலாம். அப்பவும் லைட் எரியறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடியே வாயுவைத் திறந்து, சுமார் 30 பிபிஎம் வரைக்கும் ஏத்துவாங்க, அதுக்கு மேல போனா மீன் மேல வந்து வாயைப் பிளக்கும். டிராப் செக்கர்னு ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் உள்ள தொங்கும், அதுல இருக்கற திரவம் நீலமா இருந்தா வாயு கம்மி, பச்சைன்னா சரி, மஞ்சள்னா உடனே குறைக்கணும். ஆனா அது நிறம் மாற ஒண்ணு ரெண்டு மணி நேரம் எடுத்துக்கும், அதனால அதை விட மீனைப் பாருங்க. சர்க்கரை, ஈஸ்ட் பாட்டில் வெச்சு வீட்லயே வாயு தயாரிக்கறது ஒரு வேடிக்கை, ஆனா இன்னிக்கு நிறைய நாளைக்கு கம்மின்னு ஏறி இறங்கும், அந்த ஏத்த இறக்கம் கரும்பாசிக்கு ரொம்பப் பிடிக்கும். திரவ கார்பன்னு பாட்டில்ல விக்கறதுல முக்காவாசி குளூட்டரால்டிஹைடு, அது கிருமிநாசினி வகை, பாசியைக் கொல்லும், கார்பன்ங்கற பேருக்கு ஏத்த மாதிரி பெருசா எதுவும் பண்றது இல்ல, வாலிஸ்னேரியாவையும் மாஸ்னு சொல்ற பாசிச் செடியையும் கரைக்கவும் செய்யும், கையில பட்டாலும் நல்லதில்ல. நான் வாங்கறதில்ல.

நல்ல வெளிச்சத்துல இலை ஓரத்துல குட்டி குட்டி முத்து மாதிரி குமிழ் வரும், பேர்லிங்னு சொல்லுவாங்க, பாக்கவே ஆசையா இருக்கும். 1779-ல யான் இங்கன்ஹவுஸ்ங்கற டச்சுக்கார டாக்டர் இதே மாதிரி இலையைத் தண்ணியில முக்கி வெச்சு, வெயில்ல இருந்தா குமிழ் வருது இருட்டுல வரலன்னு பாத்துத்தான் செடி ஆக்ஸிஜன் விடறதுக்கு வெளிச்சம்தான் காரணம்னு நிறுவுனாரு. நம்ம தொட்டியில தினம் நடக்கறது அந்தப் பரிசோதனைதான். ஆனா தண்ணி மாத்துன உடனே எல்லா இடத்துலயும் குமிழ் ஒட்டியிருந்தா குதிக்காதீங்க, அது குழாய்த் தண்ணியில கரைஞ்சிருந்த காத்து வெளிய வர்றது. கல்லுலயும் கண்ணாடியிலயும் கூட ஒட்டியிருக்கும் பாருங்க. அப்புறம் ராத்திரி செடியும் நம்மள மாதிரி ஆக்ஸிஜனை எடுத்துக்கிட்டு கார்பன் டை ஆக்ஸைடு விடும். செடி அடர்த்தியா, மீனும் ஜாஸ்தியா, தண்ணி சூடாவும் இருந்தா விடியக்காலையில மீன் மேல வந்து திணறலாம், 25 டிகிரி தண்ணியிலயே ஒரு லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரையும், சூடு ஏற ஏற இன்னும் குறையும். ராத்திரி மட்டும் ஏர் பம்ப் ஓட விட்டா தீந்துது.

நடறதுல ஒரு தப்பை மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கோங்க. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், புசஃபலாண்ட்ரா இந்த மூணுக்கும் இஞ்சி மாதிரி படுத்துக்கிடக்கற ஒரு தண்டு இருக்கும், அதுல இருந்து மேல இலையும் கீழ வேரும் போகும். அந்தத் தண்டை மணலுக்குள்ள புதைச்சா அழுகிடும், இலை ஒவ்வொண்ணா அடியோட கழண்டு வரும். கல்லுலயோ மரத்துண்டுலயோ நூலால கட்டுங்க, இல்ல ஜெல் மாதிரி இருக்கற சூப்பர் குளூ ஒரு சொட்டு வெச்சு ஒட்டுங்க, தண்ணிக்குள்ள அது உடனே இறுகிடும், மீனுக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டு மூணு மாசத்துல வேரே கல்லைப் பிடிச்சுக்கும். இதுங்களுக்கு மண்ணே தேவையில்ல, கம்மி வெளிச்சம் போதும், ஆனா ரொம்ப மெதுவா வளரும், அனுபியாஸ்ல மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு இலை வந்தாலே அது நல்ல வளர்ச்சி. ஜாவா ஃபெர்ன் இலைக்கு அடியில கருப்புப் புள்ளி வரிசையா வந்தா நோய்னு வெட்டிடாதீங்க, அது வித்து உண்டாகற இடம், கொஞ்ச நாள்ல அதே இலை நுனியில வேரோட குட்டிச் செடி முளைச்சுத் தொங்கும்.

மத்த செடிக்கு மண்ணு வேணும். அஞ்சாறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் பருமன்ல சரளையோ மணலோ போதும், பவளத்தூள் மட்டும் வேணாம், அது கரைஞ்சு தண்ணியோட கடினத்தையும் பிஹெச்சையும் ஏத்திவிடும். வெறும் மணல்ல சத்து கிடையாது, அதனால கிரிப்டோகோரைன், எக்கினோடோரஸ் மாதிரி வேரால நிறைய சாப்பிடற செடிக்கு அடியில ரூட் டேப்லெட்னு விக்கற உர மாத்திரையைப் புதைக்கணும். அக்வா சாயில்னு விக்கறது சத்தோடயே வரும், ஆனா முதல் சில வாரம் அமோனியாவைக் கக்கும், அந்த நேரத்துல மீன் விட்டா மீன்தான் பலி. அடிக்கடி தண்ணி மாத்தி, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்னு டெஸ்ட்ல பாத்துட்டுத்தான் மீன் விடணும். மணலோ சாயிலோ எதுவா இருந்தாலும் அமோனியாவை மாத்தித் தீக்கற நல்ல பாக்டீரியா குடியேற நாலு ஆறு வாரம் ஆகும், முதல் நாளே செடியை நெருக்கமா நட்டா அதுவே அமோனியாவை இழுத்துக்கிட்டு பாதி பாரத்தைக் குறைக்கும். வீட்டுத் தோட்டத்துக்குப் போடற யூரியா கலந்த உரத்தை மட்டும் தயவுசெஞ்சு தொட்டியில போட்டுடாதீங்க.

பசியை இலையே சொல்லும். செடிக்குள்ள நகரக்கூடிய சத்து கம்மியானா பழைய இலையில இருந்து உருவி புது இலைக்கு அனுப்பும், அதனால நைட்ரஜன் கம்மின்னா அடியில இருக்கற பழைய இலை மஞ்சளாகும், பொட்டாசியம் கம்மின்னா பழைய இலையில ஊசி குத்துன மாதிரி ஓட்டை விழும். நகராத சத்து கம்மியானா பாதிப்பு புது இலைக்கு, இரும்பு பத்தலன்னா புது இலை நரம்பு பச்சையா நடுவுல வெளுத்து வரும். மீன் இருக்கற தொட்டியில நைட்ரஜனும் பாஸ்பரஸும் சாப்பாட்டுல இருந்தே ஓரளவு வந்துடும், பொட்டாசியமும் இரும்பும்தான் இடிக்கும், அதுக்கு ஒரு திரவ உரம் வாரம் ஒரு தடவை, பாட்டில்ல சொன்னதுல பாதி அளவுல ஆரம்பிங்க.

பாசி பத்தி ஒரு விஷயம். தமிழ்ல நாம எல்லாத்தையும் பாசின்னுதான் சொல்றோம், ஜாவா மாஸும் பாசி, கண்ணாடியில ஒட்டற ஆல்காவும் பாசி, வேலம்பாசின்னு சொல்ற பூக்கும் செடியும் பாசி, அதனால பேசறப்ப பெரிய குழப்பம் வரும். இங்கிலீஷ்காரனும் ஒண்ணும் கம்மியில்ல, மாஸ் பால்னு அவன் சொல்ற மரிமோ உருண்டை மாஸே கிடையாது, அது ஒரு ஆல்கா. முதல் மாசம் கண்ணாடியில காப்பித்தூள் தூவின மாதிரி வர்றது டயாட்டம்ங்கற நுண்ணிய ஆல்கா, துடைச்சா போயிடும், தானாவே குறையும். நீலப்பச்சையா தோல் மாதிரி படர்ந்து நாத்தம் அடிச்சா அது ஆல்கா இல்ல, சயனோபாக்டீரியா, உறிஞ்சி எடுத்துட்டு தண்ணி ஓட்டத்தைக் கூட்டி மூணு நாலு நாள் முழு இருட்டுல போடுங்க. இலை ஓரத்துல பிரஷ் முடி மாதிரி கருப்பா வர்றது உண்மையில சிவப்பு ஆல்கா வகை, ஒருதடவை பிடிச்ச இலை திரும்பாது, வெட்டி எறியறதுதான் வழி.

மீன் விஷயம் சுருக்கமா: கோல்டுஃபிஷ் மென்மையான செடியை சாலட் மாதிரி சாப்பிடும், பெரிய சிக்லிட் தோண்டிப் போடும், அதுங்க கூட வெக்கணும்னா தோல் மாதிரி தடிச்ச அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும்தான். டெட்ரா, கப்பி, ராஸ்போரா, கோரி எல்லாம் பிரச்சனை இல்ல.

செடி வாங்கினதும் ஈயத் துண்டு சுத்தியிருந்தா கழட்டுங்க, சின்னக் கூடையில பஞ்சு மாதிரி ராக் வூல் இருந்தா பொறுமையா பிரிச்சு எடுங்க, ஜெல்லோட டப்பாவுல வர்ற, லேப்ல வளத்த டிஷ்யூ கல்ச்சர் செடின்னா ஜெல்லை முழுசா கழுவணும், அதுல நத்தை இருக்காதுங்கறது ஒரு லாபம். நத்தைக்கு ஏன் இவ்ளோ பயப்படறாங்கன்னு எனக்குப் புரியல. 1850 வாக்குல லண்டன்ல ராபர்ட் வாரிங்டன்ங்கற வேதியியல்காரர் ஒரு கண்ணாடித் தொட்டியில ரெண்டு கோல்டுஃபிஷ்ஷும் வாலிஸ்னேரியாவும் வெச்சு, தண்ணி மாத்தாம சமநிலையா ஓட்டிப் பாத்தாரு. அழுகற இலையால தண்ணி கலங்கி எல்லாம் கெட ஆரம்பிச்சப்ப அவர் உள்ள விட்டது குளத்து நத்தையைத்தான், அது அழுகலைத் தின்னு தொட்டியைக் காப்பாத்துச்சு. நத்தை ரொம்பப் பெருகுதுன்னா நீங்க சாப்பாடு ஜாஸ்தி போடறீங்கன்னு அர்த்தம்.

முதல் தொட்டிக்கு என்ன வாங்கலாம்னு கேட்டா: பின்னாடி வாலிஸ்னேரியா, நடுவுல கிரிப்டோகோரைன் வெண்ட்டிங்கற வகை, கல்லுல ஒரு அனுபியாஸ், அப்புறம் வேகமா வளரற ஏதாவது ஒரு தண்டுச்செடி ஒரு கத்தை, ஹைக்ரோஃபிலாவோ, பக்கோபாவோ. பக்கோபா வேற யாரும் இல்ல, நாம மருந்துக்குப் பயன்படுத்தற நீர்ப்பிரம்மியோட குடும்பம்தான். மேல ஆகாயத்தாமரையோ சால்வினியாவோ கொஞ்சம் மிதக்க விடலாம், இலை காத்துல இருக்கறதால அதுக்கு கார்பன் பஞ்சமே கிடையாது, தாறுமாறா பெருகும், வாரம் பாதியை அள்ளுங்க. அள்ளுனதைக் குளத்துலயோ ஆத்துலயோ போடக்கூடாது, காய வெச்சு குப்பையிலயோ உரக்குழியிலயோதான் போடணும், ஒரு நீர்நிலையையே மூடிடற சாதி அது.

தண்டுச்செடி தண்ணி மட்டத்தைத் தொட்டதும் மனசு வராம அப்படியே விடுவோம், விட்டா மேல குடை விரிச்சு கீழ் இலையெல்லாம் நிழல்ல உதுந்துடும். கூர்மையான கத்தரியால பாதியில வெட்டுங்க. வெட்டின மேல்துண்டுல அடி ரெண்டு கணு இலையைக் கிள்ளிட்டு, இடுக்கியால சாய்வா மண்ணுல செருகி, இடுக்கியை மெதுவா விட்டு வெளிய எடுங்க, நேரா குத்துனா மிதந்துடும். கீழ நிக்கற மொட்டைத் தண்டுல வெட்டுன இடத்துக்குக் கீழ இருந்து ரெண்டு கிளை வரும். மூணு தண்டுல ஆரம்பிச்ச என் ரோட்டாலா இப்ப பின்பக்கக் கண்ணாடியை மறைச்சு நிக்குது, அதுக்கு முன்னாடி ஒரு கிரிப்டோகோரைன், போன மாசம் வாங்கினது, நேத்து வரைக்கும் மொட்டையா இருந்துச்சு. இன்னிக்கு காலையில நடுவுல இருந்து சுருள் மாதிரி பழுப்பா ஒண்ணு எட்டிப் பாக்குது.